வான்கோவின் சாமான் பட்டியல்

வான்கோ மஞ்சள் பெயிண்ட்டைத் தின்பாராம். மஞ்சள் சந்தோஷத்தின் நிறம், அது வயிற்றுக்குள் போனால் மனசுக்குள்ளும் சந்தோஷம் வந்துவிடும் என்று நம்பினாராம். இன்ஸ்டாகிராமில் இந்தக் கதை ஓய்ந்த மாதிரி இருக்கும், திரும்ப வந்துவிடும். கீழே 'உங்களுடைய மஞ்சள் பெயிண்ட் எது?' என்று ஒரு கேள்வி. அதற்கும் கீழே வரிசையாக இதயங்கள்.

நடந்தது வேறு. 1889இல் சான் ரெமி காப்பகத்தில் இருந்தபோது, நோய் முற்றிய நாட்களில் வான்கோ பெயிண்ட்டை விழுங்கப் பார்த்தார். விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயையும் குடிக்கப் பார்த்தார். அங்கிருந்த டாக்டர் பேரோன் அதை விஷம் குடிக்கும் முயற்சியாகத்தான் எடுத்துக்கொண்டார். கொஞ்ச காலம் வண்ணங்கள் அவர் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டன. சரியான முடிவுதான். ஏனென்றால் அந்த மஞ்சள் லெட் குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. அவர் பயன்படுத்திய வெள்ளைகளில் ஒன்று ஈயத்தில் செய்தது. வெரோனீஸ் பச்சையில் ஆர்சனிக் இருந்தது.

இந்தக் கதை பொய் என்பது மட்டும் எனக்கு உறுத்தவில்லை. பெயிண்ட் என்பது கையில் ஒட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டிய, காய நாளாகும் ஒரு பொருள் என்பதே அந்தக் கதையில் காணாமல் போய்விடுகிறது. மஞ்சள் வெறும் குறியீடாக ஆகிவிடுகிறது. நம் இலக்கியக் கூட்டங்களிலும் வான்கோ பெயர் வந்தால் இதேதான் நடக்கிறது. காது, பைத்தியம், வறுமை, கடைசியில் துப்பாக்கி. இர்விங் ஸ்டோனின் 1934 நாவலில் தொடங்கி, கிர்க் டக்ளஸ் நடித்த 1956 படம், 2017இல் வந்த 'லவிங் வின்சென்ட்' வரை இந்த ஆளைத்தான் நமக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் இன்னொரு ஆள் வருகிறார். அந்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வான்கோவின் கடிதங்கள் முழுமையாக, குறிப்புகளோடு, 2009இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. பதினைந்து வருஷ உழைப்பு. இணையத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையும் சேர்த்து மொத்தம் 902 கடிதங்கள். பெரும்பகுதி தம்பி தியோவுக்கு எழுதியது. இவற்றை ஒரு கலைஞனின் ஆன்ம வரலாறாகத்தான் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். ஆன்மா இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கடிதம் படித்தால் மூன்றாவதில் ஒரு சாமான் பட்டியல் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். எந்த டியூப், எந்த சைஸ், எத்தனை, எந்தக் கடையில். நாம் அந்த இடத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்த உணர்ச்சிகரமான பத்திக்குப் போய்விடுகிறோம்.

தள்ளாமல் நின்று பாருங்கள். 1888 ஏப்ரலில், தென் பிரான்ஸின் ஆர்ல் ஊரிலிருந்து ஒரு ஆர்டர் போகிறது. சில்வர் வொயிட், சிங்க் வொயிட், மூன்று ரக குரோம் மஞ்சள், வெரோனீஸ் பச்சை, வெர்மில்லியன், பிரஷ்யன் நீலம், ஜெரேனியம் லேக். சிலவற்றுக்குப் பெரிய டியூப், சிலவற்றுக்குச் சின்னது. எங்கள் வேலையில் இதை பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்போம். ஒரு ப்ராஜெக்ட்டில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் மேனேஜர் காட்டும் ஸ்லைடைப் பார்க்க வேண்டாம், இந்தப் பட்டியலைப் பார்த்தால் போதும். ஒரே மஞ்சளில் மூன்று ரகம் கேட்கிறவர் மனதில் என்ன வைத்திருக்கிறார்? அதே ஆண்டு ஆகஸ்டில் சூரியகாந்தி வரிசை வந்தது. மஞ்சள் பின்னணி, மஞ்சள் ஜாடி, மஞ்சள் மேசை, மஞ்சள் பூ. மஞ்சளுக்குள்ளேயே ஒரு முழுப் படத்தைப் பிரித்துக் காட்டும் காரியம் அது. அதற்கான சாமான் நாலு மாதத்துக்கு முன்பே பட்டியலில் இருந்தது.

காசு விஷயமும் அங்கேயே இருக்கிறது. தியோ மாதம் சுமார் 150 பிராங்க் அனுப்பினார். சில காலங்களில் அதைவிடக் கூடுதல். ஆர்லில் மஞ்சள் வீட்டுக்கு வாடகை மாதம் 15 பிராங்க். சாதாரண கான்வாஸ் மீட்டர் 2.50 பிராங்க். அவர் பலமுறை வரைந்த ரூலான் என்ற தபால்துறை ஊழியர் மாதம் 135 பிராங்க் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இந்த எண்களையெல்லாம் கடிதங்களில் வான்கோவே எழுதியிருக்கிறார். சேர்த்துப் பார்த்தால் 'சோற்றுக்கே வழியில்லாத கலைஞன்' என்ற படம் கொஞ்சம் ஆடிப்போகிறது. ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் வருமானத்துக்குக் குறையாத பணம் அவருக்கு வந்தது. வயிறு காய்ந்தது உண்மை. ஆனால் பணம் கான்வாஸாகவும் டியூப்பாகவும் மாடல்களுக்குக் கூலியாகவும் போனது. பசி வந்து அவரை ஓவியராக்கவில்லை. ஓவியத்துக்குச் செலவு செய்ததால் பசி வந்தது. இரண்டும் ஒன்றில்லை.

அவருடைய கருவிகளும் நாம் கேட்டுப் பழகிய 'உள்ளுணர்வுக் கலைஞனுக்கு' ஒத்துவராதவை. 1882இல், ஹேக் நகரத்தில் இருந்தபோது, தச்சரையும் கொல்லரையும் வைத்து ஒரு பெர்ஸ்பெக்டிவ் சட்டம் செய்தார். மரச் சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, இரண்டு கால்கள், கால்களின் நுனியில் இரும்பு முள். கடற்கரை மணலில் ஊன்றி, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் அதன் வழியே பார்த்துத் தூரங்களை அளந்து வரைவார். அதைப் படம் போட்டே தியோவுக்கு விளக்கியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. அவர் வைத்திருந்தது. உள்ளே கம்பளி நூல் உருண்டைகள். இரண்டு மூன்று நிற நூலைச் சேர்த்துச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், எந்த நிறம் எதோடு சண்டை போடுகிறது, எது எதைத் தூக்கிவிடுகிறது என்று. டியூப்பைத் திறக்கும் முன் நூலில் ஒரு டெஸ்ட். கைவசம் இருக்கும் பெயிண்ட்டை வீணாக்காத சோதனை முறை இது.

வெளியில் வேலை செய்யும் பழக்கமும் அப்படித்தான். ஆர்லில் மிஸ்த்ரால் என்றொரு காற்று, ஈசலைத் தூக்கிப் போட்டுவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி: ஈசலின் காலை மண்ணில் இறக்கி, பக்கத்தில் அரை மீட்டர் நீள இரும்பு முளை அடித்து, கயிறு போட்டுக் கட்டிவிடுவது. 1882இல் ஷெவனிங்கன் கடற்கரையில் புயல் காற்றில் வரைந்த படத்தில் அன்றைய மணல் இன்னும் பெயிண்ட்டுக்குள் ஒட்டியிருக்கிறது. கன்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தின் ஆலிவ் மரங்கள் படத்தில், 2017இல், பெயிண்ட்டுக்குள் சிக்கிய ஒரு வெட்டுக்கிளியையே கண்டுபிடித்தார்கள். 1889இல் வரைந்த படம் அது. புரொஜெக்டர் வைத்துச் சுவர் முழுக்க வான்கோவை ஓடவிடும் கண்காட்சிகள் சிங்கப்பூர் வரைக்கும் வந்துவிட்டன. நட்சத்திரம் சுற்றும், பாட்டு ஓடும், நாம் செல்ஃபி எடுப்போம். அந்த வெளிச்சத்தில் மணலும் வராது, வெட்டுக்கிளியும் வராது. பெயிண்ட்டின் கனமே வராது.

கான்வாஸ் விஷயத்தில் என் தொழில்காரர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வான்கோ பெரும்பாலும் பாரிஸில் உள்ள தஸே எ லோத் கடையிலிருந்து கான்வாஸைச் சுருளாக வரவழைத்து வெட்டிப் பயன்படுத்தினார். ரைஸ் பல்கலைக்கழகத்தின் டான் ஜான்சன், கார்னெலின் ரிச்சர்ட் ஜான்சன் இருவரும் எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்கள். ஓவியங்களின் எக்ஸ்ரே படங்களை எடுத்து, சிக்னல் பிராசசிங் கணக்கைப் போட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று கான்வாஸ் முழுக்க எண்ணினார்கள். நெசவில் இழைகளின் நெருக்கம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் வரிக்கோடுகள் மாதிரி ஓடும். இரண்டு ஓவியங்களில் அந்தக் கோடுகள் பொருந்தினால் இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை. தேதி தெரியாத படத்தை இப்படித் தேதி தெரிந்த படத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்க முடிகிறது. ஒரு கவிஞரின் எல்லாக் கையெழுத்துப் பிரதிகளையும் தாளின் பிராண்டை வைத்து வரிசைப்படுத்துவதுபோல.

1888 கடைசியில் பால் காகின் ஆர்லுக்கு வந்தபோது இருபது மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கினார். இருவரும் அதையே வெட்டி வரைந்தார்கள். அந்த இரண்டு மாதத்து வான்கோ படங்களில் தூரிகை வேறுமாதிரி நடக்கிறது. காகினின் 'செல்வாக்கு' என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். செல்வாக்கில் ஒரு பங்கு துணிக்கும் உண்டு. முரட்டு இழையில் மெல்லிய கோடு நிற்காது.

இதுவரை சொன்னதை 'சுவாரசியமான தகவல்' என்று ஒதுக்கிவிடலாம். ஜெரேனியம் லேக் விஷயத்தை அப்படி ஒதுக்க முடியாது.

ஜெரேனியம் லேக் ஒரு பளிச்சென்ற சிவப்பு. 1870களில் சந்தைக்கு வந்த ஈயோசின் என்ற செயற்கைச் சாயத்திலிருந்து செய்தது. ஆஸ்பத்திரி லேபில் திசுக்களுக்குச் சாயம் போட இன்றைக்கும் பயன்படுவது அதே ஈயோசின்தான். வெள்ளையோடு கலந்தால் ரோஜா நிறம், நீலத்தோடு கலந்தால் ஊதா. ஒரே குறை, வெளிச்சத்தில் நிற்காது.

இது வான்கோவுக்குத் தெரியும். 1888 வசந்தத்தில் எழுதிய கடிதத்திலேயே சொல்கிறார். இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நிறங்கள் நிலையற்றவை, அதனாலேயே அவற்றைத் தயங்காமல் பச்சையாக, அதிகப்படியாக வைக்க வேண்டும், காலம் அவற்றை எப்படியும் மட்டுப்படுத்திவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. பாலம் கட்டும்போது தாங்க வேண்டிய எடையைவிடக் கூடுதல் எடைக்கு டிசைன் செய்வோமே, அந்த மாதிரி. பித்துப் பிடித்து டியூப்பைப் பிதுக்கிய கை இல்லை இது. ரிஸ்க் தெரிந்து, மார்ஜின் வைத்து எடுத்த முடிவு.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு அனுமானம் இருந்தது. எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றாக மங்கும், படம் மொத்தமாக மென்மையாகும் என்ற அனுமானம். நடந்தது அப்படி இல்லை. சிவப்பு லேக் மட்டும் ஓடிப்போனது. கூட இருந்த நீலம் அப்படியே நின்றது. குரோம் மஞ்சள் வேறு திசையில் போனது. அதன் சில ரகங்களில், வெளிச்சம் பட்டு குரோமியத்தின் வேதிநிலை மாறிப் பழுப்படிக்கிறது. வெளிர் மஞ்சள் ரகங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2011இல் சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே வைத்து இதைக் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் சூரியகாந்தி இனி எங்கும் பயணம் போகாது என்று 2019இல் அருங்காட்சியகம் அறிவித்தது. ஆக, படங்கள் மென்மையாகவில்லை. ஒரு நிறத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் இருந்த உறவு மாறிவிட்டது. நூல் உருண்டையில் சோதித்துச் சோதித்து வைத்த உறவு.

'படுக்கையறை' படத்தை எடுத்துக்கொள்வோம். 1888 அக்டோபரில் வரைந்தது. கடிதத்தில் நிறம் நிறமாக எழுதி வைத்திருக்கிறார். சுவர் வெளிர் ஊதா. கதவுகள் லைலாக். கட்டிலும் நாற்காலிகளும் வெண்ணெய் மஞ்சள். இந்த நிறங்களால் முழு ஓய்வைச் சொல்ல நினைத்ததாகவும் எழுதுகிறார். ஊதாவும் மஞ்சளும் எதிர் நிறங்கள், ஒன்றை ஒன்று சமன் செய்து நிற்கும். இன்றைக்குப் படத்தைப் பாருங்கள். சுவர் நீலம். கதவு நீலம். சிவப்பு லேக் போய்விட்டது. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள ஐரிஸ் பூக்களும் அப்படித்தான். 1890 மே மாதம் ரோஜா நிறப் பின்னணியில் ஊதாப் பூக்களாக வரைந்தது இன்றைக்கு வெள்ளைப் பின்னணியில் நீலப் பூ. கூடவே வரைந்த இளஞ்சிவப்பு ரோஜாக்கள் ஏறக்குறைய வெள்ளை.

இப்போது நம் விமர்சனத்துக்கு வருவோம். படுக்கையறையின் நீலத்தைப் பார்த்துத் தனிமை, குளிர், மனச்சோர்வு என்று எழுதாத ஆள் குறைவு. 'தன் உள்ளத்தின் நீலத்தைச் சுவரில் பூசினான்' என்பதுபோல் ஒரு வரி எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். அந்த நீலத்தை வான்கோ பூசவில்லை. நூற்றுச் சொச்சம் வருஷத்து வெளிச்சம் பூசியது. ஓய்வைச் சொல்ல வைத்த சுவரை நாம் சோகமாகப் படித்து, அந்தச் சோகத்தை அவர் வாழ்க்கையில் தேடி எடுத்து, திரும்பப் படத்துக்கே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். வட்டமாக ஓடும் வாதம். பெயிண்ட் எதில் செய்தது என்று ஒருமுறை கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஓவியம் கண்ணுக்கு, கெமிஸ்ட்ரி எதுக்குப்பா? எதிரில் தொங்குவது நீலம், எனக்குத் தோன்றியது தனிமை, இதில் என்ன தப்பு? தப்பு இல்லை. நீலச் சுவர் முன்னால் நின்று கலங்கியவர் பொய் சொல்லவில்லை. மங்கிய படமும் ஒரு படம்தான், அதற்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் 'எனக்குத் தோன்றியது' வேறு, 'அவர் சொன்னது' வேறு, 'காலம் செய்தது' வேறு. வாசகர் மூன்றையும் குழப்பிக்கொள்ளலாம். விமர்சகர் குழப்பக் கூடாது. அவருக்கு இருக்கும் வேலையே அதைப் பிரித்துக் காட்டுவதுதான்.

எதிர்ப்பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக என் மாதிரி ஆட்களுக்கு. பட்டியல் கிடைத்தால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கும் வியாதி. தஸே கடையில் அதே டியூப்பை வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த மூன்று மஞ்சளும் அவர்களுக்கும் கிடைத்தது. சூரியகாந்தி வரவில்லை. இழையை எண்ணினால் தேதி தெரியும், ஏன் அந்தப் படம் நம்மை நிறுத்திவைக்கிறது என்று தெரியாது. பட்டியல் விளக்கம் கொடுக்காது. தப்பான விளக்கத்தைத் தடுக்கும். அந்த அளவுக்கு அது போதும்.

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் சாமானையும் குறிக்கும், காசையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். நம் கலை விமர்சனம் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் இரண்டையும் கடைக்காரருக்கும் கணக்காளருக்கும் விட்டுவிட்டது. எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். எந்த நேரத்தில் எழுதினார், எந்த வேலைக்கு நடுவில் எழுதினார், பத்திரிகை எத்தனை பக்கம் கொடுத்தது, அதற்காகக் கதை எங்கே குறைந்தது என்று கேட்டால், ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். வலியைக் கேட்டால் மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கலைஞரை மதிப்பது என்றால் அவர் தினமும் செய்த வேலையை மதிப்பதும்தான். நோயை மட்டும் மதிப்பது மதிப்பே இல்லை.

வான்கோ 1890 மே மாதம் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ஓவேர் கிராமத்துக்கு வந்தார். கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு படம் என்ற வேகம். கான்வாஸ் தட்டுப்பட்டபோது தோபினியின் தோட்டத்தை, சிவப்புக் கோடு போட்ட ஒரு சமையலறைத் துண்டின் மேல் வரைந்தார். அந்தப் படம் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஜூலை 27 அன்று தன்னைச் சுட்டுக்கொண்டார். 29ஆம் தேதி இறந்தார். தியோவுக்கு அவர் அனுப்பிய கடைசிக் கடிதம் ஜூலை 23 தேதியிட்டது. அதைத் தற்கொலைக்கு முந்தைய சொற்களாகத்தான் எல்லோரும் புரட்டுகிறார்கள், எங்கேயாவது ஒரு சாடை தெரிகிறதா என்று. அந்தக் கடிதத்தில் தான் வரைந்துகொண்டிருந்த படங்களின் சின்னச் சின்ன ஸ்கெட்ச் இருக்கிறது. கூடவே, வாங்கி அனுப்ப வேண்டிய வண்ணங்களின் பட்டியலும் இருக்கிறது.